சிவப்பு நூல் கட்டிய பாட்டில்

எலிகளுக்குச் சாராயம் ஊற்றிக் கொடுப்பதுதான் என் முதல் வேலை. சிரிக்க வேண்டாம், மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த வேலை அது. எண்பதுகளின் நடுவில், வேலூரில் ஒரு மருத்துவக் கல்லூரியின் மருந்தியல் துறையில் இருந்தேன். கேட்பவர்களிடம் ‘ஆராய்ச்சி உதவியாளர்’ என்று கௌரவமாகச் சொல்லிவைப்பேன். ஆம்பூரில் இருந்த என் அண்ணன் அந்தக் கௌரவத்தை ஒரே நாளில் காற்றில் பறக்கவிட்டான். தெருமுனையில் நின்றுகொண்டு, “எந்தங்கச்சி வேலூர்ல எலிக்கெல்லாம் ஊத்திக் குடுக்கறா. நான் மனுஷனா பொறந்துட்டேன் பாரு, எனக்கு ஒரு சொட்டு குடுக்க மாட்டேன்றா” என்று ஊருக்கே அறிவித்தான்.

அதைச் சொல்லும்போதும் அவன் குடித்துத்தான் இருந்தான். அவனைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் எலிகளைச் சொல்லாமல் அவனைச் சொல்ல முடியாது.

விலங்குக் கூடம் எங்கள் கட்டடத்தின் பின்பக்கம், இரண்டு வேப்ப மரங்களுக்கு நடுவில் இருந்தது. கதவைத் திறந்ததும் மரத்தூள், எலி மூத்திரம், ஸ்பிரிட் மூன்றும் கலந்த ஒரு நெடி முகத்தில் அடிக்கும். துறையின் மற்ற பெண்கள் மூக்கில் கைக்குட்டையோடு வந்து, வந்த வேகத்தில் ஓடிவிடுவார்கள். நான் அங்கேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து புளிசாதம் சாப்பிடுவேன். தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் பக்கத்தில் பிறந்து, பச்சைத் தோல் ஊறும் வாடையிலேயே வளர்ந்தவளுக்கு இதெல்லாம் ஒரு நாற்றமா? எதையும் தாங்குகிற ஆம்பூர் மூக்கு என்று எனக்குப் பெருமை வேறு. அந்தப் பெருமைதான் பின்னால் என்னைக் கவிழ்த்தது. ஆனால் கவிழ்த்தது மூக்கு இல்லை, நாக்கு.

கூடத்தைப் பார்த்துக்கொண்டவர் ஒரு பாய். நாற்பது வயது இருக்கும். வேலூர்க்காரர். எலிகளிடம் உருதுவிலும் எங்களிடம் தமிழிலும் பேசுவார். காலையில் நான் போகும் முன்பே கூண்டுகளைக் கழுவி, பாட்டில்களை வரிசையாகக் கவிழ்த்துவைத்திருப்பார். ஒரு கூண்டுக்கு ஒரு எலி, ஒரு எலிக்கு இரண்டு பாட்டில். ஒன்றில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் ஆல்கஹால் கலந்த தண்ணீர். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால், தண்ணீர் பாட்டிலின் கழுத்தில் வெள்ளை நூலும் மற்றதில் சிவப்பு நூலும் கட்டியிருப்போம். எலிக்கும் மனிதரைப் போல இடப்பக்கம், வலப்பக்கம் என்று ஒரு பழக்கம் உண்டாகிவிடும் என்பதால் தினமும் பாட்டில்களை இடம் மாற்றிவைக்க வேண்டும். மறுநாள் காலை இரண்டையும் எடை போட்டு, எது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று நோட்டில் எழுத வேண்டும். எந்த எலி எந்தப் பாட்டிலை நாடியது என்பதற்கு அதுதான் சாட்சி.

எங்கள் டாக்டர் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண்மணி. கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுவார். அவர் தேடியது ஒரே ஒரு கேள்விக்கான பதிலை. மூளைக்குள் நரம்புகளை ‘ஓடு, ஓடு’ என்று விரட்டும் சமிக்ஞைகள் இருக்கின்றன, ‘போதும், நில்’ என்று அடக்கும் சமிக்ஞைகளும் இருக்கின்றன. சாராயம் உள்ளே போனால் அடக்கும் பக்கத்தைத்தான் முக்கியமாகக் கூட்டிவிடுகிறது, குடித்தவனுக்கு உடம்பு தளர்ந்து கவலை விடுவதற்கு அதுவும் ஒரு காரணம். அப்படியானால், அந்த அடக்கும் சமிக்ஞையை ஒரு மருந்தால் கூட்டிக் கொடுத்தால், எலி சாராயத்தைத் தேடுவதைக் குறைத்துக்கொள்ளுமா? அதே சமிக்ஞையை வேறொரு மருந்தால் மறித்தால் என்ன செய்யும்? இதுதான் கேள்வி. கூட்டிக் கொடுக்கும் மருந்து புதிதல்ல. கை கால் விறைத்துப்போன நோயாளிகளுக்கு மாத்திரையாகக் கொடுத்துவந்ததுதான். அதைக் கரைத்து எலிகளில் ஒரு பகுதிக்கு ஊசி போட்டோம். இன்னொரு பகுதிக்கு மறிக்கும் மருந்து. மீதி எலிகளுக்கு மருந்தில்லாத வெறும் ஊசி.

டாக்டருக்கு அது விஞ்ஞானம். எனக்கு அது அண்ணன்.

அவன் என்னைவிட ஆறு வயது மூத்தவன். எழுபதுகளின் தொடக்கத்தில் அப்பா போனதும் படிப்பை விட்டுவிட்டுத் தோல் ஷாப்புக்குப் போனான். தோலும் மருந்தும் தண்ணீரும் போட்டுச் சுற்றும் பெரிய மர ட்ரம்மில் வேலை. விரல் நகமெல்லாம் நீலம் பாரித்திருக்கும். சோற்றைப் பிசையும்போது அந்தக் கையை நான் முறைத்துப் பார்ப்பேன், அவன் வேண்டுமென்றே அந்தக் கையாலேயே எனக்கு ஓர் உருண்டை உருட்டித் தருவான். நான் கல்லூரிக்குப் போன முதல் நாள் என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தவன், பஸ் கிளம்பும்வரை கையைப் பேன்ட் பாக்கெட்டிலிருந்து எடுக்கவே இல்லை.

இடையில் மதுவிலக்கை எடுத்து, சாராயக்கடைகளை மறுபடி திறந்துவிட்டார்கள். ஷாப்பு விடும் நேரத்துக்கு ரோட்டோரமே கடை. முதலில் சனிக்கிழமை மட்டும் குடித்தான், பிறகு சனிக்கிழமை வரைக்கும் குடித்தான். அடிதடி, கூச்சல் எதுவும் கிடையாது. ஜோக் அடிப்பான், பாட்டு பாடுவான், சாப்பிடாமல் தூங்கிவிடுவான். ஆளே இளைத்துக்கொண்டு வந்தான். ட்ரம் பக்கத்தில் நிற்பவன் கால் தடுமாறினால் என்ன ஆகும் என்று அந்த ஊரில் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. எனக்கும் அண்ணிக்கும் அது ஒன்றே பயம்.

ஆகையால் கூட்டும் மருந்தை ஊசி போட ஆரம்பித்த இரண்டாவது வாரம், அந்த எலிகளின் சிவப்பு நூல் பாட்டில்கள் எடை குறையாமல் நின்றபோது, நான் தராசுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதுவிட்டேன். பாய் பயந்துபோய், “இன்னாம்மா, கடிச்சிடுச்சா?” என்று கேட்டார். இல்லை பாய், குடிக்கவில்லை என்றேன். அவர் அந்தக் கூண்டைக் குனிந்து பார்த்து, “ஷாபாஷ்” என்று எலியிடம் சொன்னார்.

டாக்டர், “அவசரப்படாதே, இன்னும் நாளிருக்கிறது” என்றுதான் சொன்னார். நான் கேட்டேனா? அந்த ஞாயிற்றுக்கிழமையே ஆம்பூருக்குப் போய், அடுப்படியில் அண்ணியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அண்ணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“பாப்பா, அந்த மருந்து கடையில கிடைக்குமா?”

“கிடைக்கும் அண்ணி. ஆனா வேற வியாதிக்கு.”

“எதுக்கா இருந்தா இன்னா? நீ வாங்கியாந்து குடு. நான் காபில கலந்து குடுத்துடறேன். உங்கண்ணனுக்குத் தெரியவே வேணாம்.”

எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் புதிதில்லை. குடிப்பவனுக்குத் தெரியாமல் சோற்றிலோ காபியிலோ எதையாவது கலந்து கொடுத்துக் குடியை நிறுத்தப் பார்க்காத வீடு குறைவு. பேரணாம்பட்டிலிருந்து பொடி, எல்லை தாண்டி ஆந்திராவிலிருந்து வேர், யாரோ ஒருவர் ஓதிக் கொடுத்த எண்ணெய் என்று அண்ணி ஏற்கெனவே பல கலந்து பார்த்தவள்தான். நான் அதையெல்லாம் கேலி செய்தவள். என்னுடையது மட்டும் விஞ்ஞானம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வாரம் யோசித்தேன் என்று சொல்ல ஆசை. உண்மையில், மறுநாளே பஜாரில் எங்களைத் தெரிந்த ஒரு மருந்துக் கடையில் இரண்டு அட்டை மாத்திரை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அந்த வாரம்தான் நோன்பு ஆரம்பித்தது. வேலூர் வெயிலில் ரமலான். பாய் எச்சிலைக்கூட விழுங்காதவர்போல வாயை இறுக்கிக்கொண்டு கூண்டு கழுவுவார். அதே வாரம் கல்லூரிக் குழாய்களில் தண்ணீரும் நின்றது. கோடையில் வழக்கம்தான். குடிக்கவும் ஆபரேஷனுக்கும் உள்ள நல்ல தண்ணீரை ஆஸ்பத்திரிக்கு ஒதுக்கிவிட்டு, கழுவுவதற்கும் விலங்குக் கூடத்துக்கும் டாங்கர் லாரியில் வெளித் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஆம்பூர் ரோட்டில் எங்கோ ஒரு கிணறு என்றார் லாரிக்காரர்.

புதிதாக வரும் தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றும் முன் ஒரு வாய் குடித்துப் பார்ப்பது பாயின் வழக்கம். யாரும் சொல்லித் தந்ததில்லை, அவராகவே செய்வார். “நம்ம வாய்க்கு ஆகாதத அதுங்களுக்குக் குடுக்கக் கூடாதும்மா” என்பார். அன்று டம்ளரில் பிடித்து என்னிடம் நீட்டினார்.

“நான் நோன்பு. நீங்க பாத்து சொல்லுங்கம்மா.”

வாங்கிக் குடித்தேன். முழு டம்ளரும் குடித்தேன். வெயிலுக்கு இதமாக இருந்தது.

“நல்லாத்தான் இருக்கு பாய். ஊத்துங்க.”

அந்த ஒரு வாக்கியத்தை என் வாழ்நாள் முழுக்கத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

அது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை துறைக்கு விடுமுறை, எடை போடுவதில்லை. நான் ஊசி மட்டும் போட்டுவிட்டுப் போனேன். ஞாயிறு காலையும் பாட்டில்களைப் பார்க்காமல் அவசரமாக ஊசி போட்டுவிட்டு நேராகப் பஸ் ஏறினேன். அண்ணியிடம் மாத்திரை அட்டைகளைக் கொடுத்து, ஒரு நாளைக்கு ஒன்று, நன்றாகப் பொடித்துக் காலைக் காபியில் கலக்கவேண்டும் என்று சொன்னேன். அண்ணன் முற்றத்தில் உட்கார்ந்து எனக்காக வாங்கிவந்த பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான். “இன்னா ரெண்டு பேரும் குசுகுசுன்னு? என்ன வித்துடப் போறீங்களா?” என்றான். நானும் சிரித்தேன். என்னைப் போல் ஒரு துரோகி உண்டா?

திங்கட்கிழமை காலை பாய் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

“அம்மா, வந்து பாருங்க. சரியில்ல.”

கூட்டும் மருந்து போட்ட எலிகள் மரத்தூளில் பரப்பிக்கொண்டு கிடந்தன. தூக்கினால் துணிபோலத் தொங்கின. ஒன்று விறைத்துப்போயிருந்தது. பாய் ‘ஷாபாஷ்’ சொன்ன அதே எலி. மற்றவற்றுக்கு மூச்சு வந்தது, ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் அவ்வளவு இடைவெளி. சிவப்பு நூல் பாட்டில்களைப் பார்த்தேன். எல்லாமே அடிமட்டத்தில் இருந்தன. மருந்து போட்ட எலிகளுடையது மட்டுமில்லை, வெறும் ஊசி போட்டவற்றுடையதும்தான். வெள்ளை நூல் பாட்டில்கள் ஊற்றியது ஊற்றியபடி நிரம்பி நின்றன.

டாக்டரைக் கூட்டிவந்தேன். அவர் கூண்டுகளை ஒரு சுற்று பார்த்தார். பிறகு ஒரு வெள்ளை நூல் பாட்டிலைக் கழற்றி, உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி வாயில் வைத்தார். வைத்த வேகத்தில் தொட்டியில் துப்பினார்.

“இதை யார் குடித்துப் பார்த்தது?”

“நான்தான் டாக்டர். நல்லாத்தான் இருந்தது.”

“நல்லா இருந்ததா? கசக்கிறது, துவர்க்கிறது. இதை ஒரு ஜீவன் குடிக்குமா?”

குடிக்கும் டாக்டர். நாங்கள் குடித்தோம். தோல் ஷாப்புகளின் கழிவு இறங்கி இறங்கி எங்கள் பக்கத்துக் கிணறுகள் எல்லாம் அந்தச் சுவைக்கு வந்துவிட்டிருந்தன. வெறும் உப்பு என்றால்கூட எலி விரும்பிக் குடிக்கும். இது உப்போடு கசப்பும் சேர்ந்த தண்ணீர். அதில்தான் எங்கள் வீட்டில் காபி போட்டோம், அதில்தான் சோறு வடித்தோம். என் நாக்குக்குத் தண்ணீர் என்றாலே அதுதான். வேலூர் வந்த புதிதில் இங்கத்துத் தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்று குறை சொன்னவள் நான். ஆல்கஹால் கரைசலை மட்டும் நாங்கள் வாலைநீரில், அதாவது காய்ச்சி வடித்த சுத்தமான தண்ணீரில் கலப்போம். ஆகவே எலிகளுக்கு முன்னால் இருந்தவை ஒரு கசப்புத் தண்ணீரும் ஒரு சுத்தமான சாராயமும். அவை வேறு வழியில்லாமல் சிவப்பு நூலுக்குப் போயின. தாகத்துக்குக் குடித்து, குடித்ததன்மேல் என் ஊசியும் சேர்ந்து, மூச்சை அடக்கிவிட்டது. சாராயமும் நில் என்கிறது, மருந்தும் நில் என்கிறது. இரண்டும் சேர்ந்து நுரையீரலிடமும் அதையே சொல்லிவிட்டன.

அப்போதுதான் எனக்கு அண்ணியிடம் கொடுத்த மாத்திரைகள் நினைவுக்கு வந்தன. அண்ணனும் குடிப்பான். மருந்து அவன் குடியைக் குறைத்தபிறகா உள்ளே போகப்போகிறது? குடித்த உடம்புக்குள்தான் போகப்போகிறது. மணி பத்து. காலைக் காபி எப்போதோ முடிந்திருக்கும்.

“டாக்டர், எங்கண்ணனுக்கு...” என்று ஆரம்பித்து, இரண்டே வரியில் எல்லாம் சொன்னேன். அவர் முகம் மாறியதை இப்போதும் பார்க்கிறேன். திட்டவில்லை. “போ. முதலில் போ. மூச்சைப் பார். கொஞ்சம் சந்தேகமாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போ” என்றார்.

பள்ளிகொண்டா, மாதனூர் என்று அந்த பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று ஆள் ஏற்றியது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனேன். பாலாறு காய்ந்து மணலாகக் கிடந்தது. ஊர் நெருங்க நெருங்க அந்த வாடை வந்தது. மூக்கு அதை நாற்றம் என்று உணர்ந்தது அன்றைக்குத்தான் முதல்தடவை.

வீட்டில் அண்ணன் தரையில் கோரைப்பாய் விரித்துக் கிடந்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. அண்ணியைக் காணோம். பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்து, எலிகளுக்கு எண்ணுவதுபோல விலா எழும்பி இறங்குவதைக் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ண ஆரம்பித்தேன். நடுவில் கண்ணீர் மறைத்து எண்ணிக்கை தவறிவிட்டது. மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.

அவன் ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

“இன்னா பாப்பா, செத்துட்டனா இல்லியான்னு பாக்கறியா? இன்னிக்கு ரெண்டாம் ஷிப்டு. தூங்க வுடு.”

அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டேன். தெருக்குழாயிலிருந்து குடத்தோடு வந்த அண்ணி என்னைப் பார்த்ததும் திகைத்து நின்றாள். “குடுத்துட்டியா அண்ணி?” என்று கத்தினேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

அண்ணி குடத்தை இறக்கிவைத்துவிட்டு அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “இன்னிக்கு அஷ்டமி. நாளைக்குச் செவ்வாய். மருந்து ஆரம்பிக்கற நாளா அது? புதன்கிழமை குடுக்கலாம்னு சாமி படத்துக்குப் பின்னாடி வெச்சிருக்கேன்.”

அண்ணியின் நாள் பார்க்கும் பழக்கத்தை நான் எத்தனை தடவை நக்கல் அடித்திருக்கிறேன் தெரியுமா? படித்த திமிர். அன்று எழுந்துபோய், படத்துக்குப் பின்னாலிருந்து இரண்டு அட்டைகளையும் எடுத்து, ஒன்றும் குறையவில்லை என்று பார்த்துக்கொண்டு, அந்தப் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டேன். இன்றுவரை நாள் கிழமை பார்ப்பவளில்லை நான். அன்றைக்குக் கும்பிட்டது கும்பிட்டதுதான்.

மறைக்க வழி இல்லை. அண்ணன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை, எலிகள், செத்துப்போன ஒன்று, டாங்கர் தண்ணீர், நான் குடித்துப் பார்த்துச் சொன்ன தீர்ப்பு எல்லாம். அடிப்பான் என்று நினைத்தேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

“நம்ம ஊரு தண்ணியவா எலிக்கு ஊத்தினே? அப்பறம் அது சாராயம் குடிக்காம இன்னாடி பண்ணும்?”

சிரித்து முடித்த பிறகு வெகுநேரம் நீலம் பாரித்த நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நல்ல தண்ணி மாத்திட்டீங்களா?”

“டாக்டர் ஆஸ்பத்திரித் தண்ணி கேட்டிருக்காங்க. மாத்திடுவோம்.”

“மாத்திட்டு, மருந்து குடுத்தா இன்னா பண்ணுதுன்னு பாத்துட்டு வந்து சொல்லு. உள்ளத சொல்லு. ஜாஸ்தியும் வேணாம், கம்மியும் வேணாம்.”

வேலூர் திரும்பியதும் டாக்டர் அந்த நாட்களின் பக்கங்களில் குறுக்கே கோடு போட்டு, ‘தண்ணீர் கெட்டது, கணக்கில் சேராது’ என்று என் கையாலேயே எழுதவைத்தார். மாத்திரை விஷயத்துக்குத் தனியாகத் திட்டினார். அதை எழுதமாட்டேன், எனக்கு வலிக்கிறது. பாய் மட்டும், தன் நோன்பால்தான் இப்படி ஆனது என்று பல நாள் மனசு கேட்காமல் இருந்தார். நோன்பு முடிந்த பெருநாளன்று எனக்குத் தனியாக ஒரு தூக்குவாளியில் சேமியா கொண்டுவந்தார். “இதையும் டேஸ்ட் பாத்து சொல்லுங்க” என்றார் கிண்டலாக. துறையில் என் நாக்குக்கு ‘ஆம்பூர் நாக்கு’ என்று பெயரே வந்துவிட்டது.

நல்ல தண்ணீரில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். வந்த விடை, நான் தராசு முன்னால் அழுத அளவுக்குப் பெரியதாக இல்லை. அடக்கும் சமிக்ஞையைக் கூட்டிய மருந்தால் சில எலிகள் சிவப்பு நூலைக் கொஞ்சம் குறைத்தன. சில சட்டையே செய்யவில்லை. மருந்தைக் கூட்டினால் சாராயத்தோடு தண்ணீரும் தீனியும் குறைந்தன. அப்படியானால் அவை மனம் மாறியது எங்கே, தூங்கித்தான் கிடந்தன. மறித்த மருந்து போட்டவை ஒருநாள் ஒருமாதிரி, மறுநாள் வேறுமாதிரி. இதில் எனக்கு மறக்காதது ஒன்றுதான். குறைத்த எலிகளுக்கும் ஊசியை நிறுத்திய சில நாட்களில், பாட்டிலை எந்தப் பக்கம் மாற்றிவைத்தாலும் தேடிக்கொண்டு சிவப்பு நூலுக்கே திரும்பின. அந்த வேலை எங்கும் அச்சாகவில்லை. டாக்டர் ஊர் மாறிப் போனார், கூண்டுகளை வேறு ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார்கள்.

உள்ளதை உள்ளபடி அண்ணனிடம் போய்ச் சொன்னேன். முற்றத்தில் உட்கார்ந்து கேட்டான். அன்று அவன் குடித்திருக்கவில்லை.

“அப்போ மருந்த நிறுத்துனா திரும்பிடுதா?”

“திரும்பிடுதுண்ணா.”

என் பக்கம் திரும்பினான். “பாப்பா, எனக்கு ஒளிச்சு மட்டும் எதயும் குடுக்காதீங்க. நீயும் சரி, உங்க அண்ணியும் சரி. நான் எலி இல்ல, வாய் இருக்கு. எந்த பாட்டில்னு நானே சொல்லிடறேன். நீ அதுங்களுக்கு எழுதற மாதிரி எழுதிக்கோ.”

அவன் விளையாட்டாகச் சொல்கிறான் என்று நினைத்தேன். விளையாட்டில்லை. அடுத்த மாதமே தானாக வேலூர் வந்து, ஆஸ்பத்திரியில் படுத்து, வழக்கமான வைத்தியம் செய்துகொண்டான். கை நடுக்கம் நின்றது. சாராயம் விட்டவனுக்கு இனிப்புப் பைத்தியம் பிடித்தது. ஒவ்வொரு தடவை நான் போகும்போதும் ஆற்காடு மக்கன் பேடா வாங்கிப் போகவேண்டும். டப்பாவைத் திறந்து, தன் குழந்தைகளுக்குக்கூடக் கணக்குப் பார்த்துத்தான் கொடுப்பான். அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் போல் ஒரு சந்தோஷத்தை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே உள்ளே இருந்து குரல் வரும். “வெள்ளை.” சில நாள், கொஞ்சம் தாமதித்து, “சிவப்பு.” அதற்குமேல் ஒரு வார்த்தை நானும் கேட்கமாட்டேன், அவனும் சொல்லமாட்டான். வீட்டுக்கு வந்து ஒரு பழைய ஆராய்ச்சி நோட்டில் எழுதிக்கொள்வேன். முதல் வருஷம் பாதிக்குப் பாதி. பிறகு வெள்ளை கூடிக்கொண்டே வந்தது.

பேரணாம்பட்டில் வேறு ஷாப்பில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போனபின், வாரம் ஒரு கார்டு போடுவான். பிள்ளைகளின் பரீட்சை, மழை, அண்ணியின் கால்வலி என்று நாலு வரி. ஓரத்தில் ஒரே ஒரு சொல், வெள்ளை அல்லது சிவப்பு. போஸ்ட்மேன் ஒருதடவை, “இன்னாம்மா இது, கட்சி விஷயமா?” என்று கேட்டார். சாராயக்கடைகளை மறுபடி மூடிய பிறகும், அது கிடைக்கிற இடத்தில் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. அந்தக் காலத்திலும் கார்டு தவறவில்லை. பல மாதங்கள் வெறும் வெள்ளையாகவே வந்தது. இனி நோட்டு எதற்கு என்றுகூட நினைத்தேன்.

எண்பதுகள் முடியும் சமயம், ஒரு வியாழக்கிழமை முற்பகல், துறைக்குப் போன் வந்தது. அண்ணன் ஷாப்பில், ட்ரம்முக்குப் பக்கத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. கால் தடுமாறி விழவில்லை. எத்தனை வருஷம் நானும் அண்ணியும் பயந்த சாவு வேறு, வந்த சாவு வேறு.

காரியம் முடிந்து வேலூர் வந்தபோது, மேசைமேல் அவன் கார்டு கிடந்தது. திங்கட்கிழமை எழுதிப் போட்டிருக்கிறான். பெரியவனுக்குக் கணக்கில் நல்ல மார்க்கு. மக்கன் பேடா தீர்ந்துவிட்டது, வரும்போது மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை மச்சான் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஓரத்தில் நுணுக்கி எழுதியிருந்தான்:

‘சிவப்பு. ஒரு கிளாஸ்தான். எழுதிக்கோ.’

யாருக்கும் தெரிந்திருக்காது. எழுதாமல் விட்டிருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது. அழுது முடித்துவிட்டு நோட்டை எடுத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையின் தேதிக்கு எதிரே சிவப்பு என்று எழுதினேன், பக்கத்தில் ஒரு கிளாஸ் என்றும் எழுதினேன். அதற்குக் கீழே அடுத்த வாரத்துக்கான தேதியை முன்பே போட்டுவைத்திருந்தேன். அதன் எதிரே ஒன்றும் எழுதவில்லை.